பினாங்கிலிருந்து வந்த 638
(வேர் விசாரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்)

போன இதழில் குலதெய்வக் கோயில் வரி நோட்டையும் கல்யாண மொய் நோட்டையும் வைத்து வம்சாவளி எழுதுவது பற்றிச் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் நிறைய பேர் டிஎன்ஏ பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஆசைக்கு ஒரு பரிசோதனை எடுத்துவிடுகிறார்கள், அப்புறம் முன்பின் தெரியாத ஒருவர் "நீங்கள் எனக்குச் சொந்தமாம்" என்று எழுதுகிறார், வீடே கலங்கிப் போகிறது. ஐந்து கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கே பாதி இடம் போய்விடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: என் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, 1937-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி மலாயா போனவர். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. தாத்தா திரும்பி வந்தது 1947-ல், இறந்தது 1969-ல். பத்து வருஷம் அங்கே என்ன செய்தார் என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை. போன வருஷம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது எனக்கு எச்சில் பரிசோதனை எடுத்தாள். பினாங்கில் இருக்கும் ஒரு பெண்ணோடு எனக்கு 638 சென்டிமார்கன் பொருந்துகிறது, ஒன்றுவிட்ட சகோதரி முறையாக இருக்கலாம் என்று வந்தது. என் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள், அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் எல்லாருடைய பிள்ளைகளையும் எனக்குத் தெரியும், யாரும் பினாங்கில் இல்லை. மருமகன் அதை ஜெட்மேட்ச் என்ற டிஎன்ஏ ஒப்பீட்டுத் தளத்தில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எக்ஸ் குரோமோசோமும் பொருந்துகிறது, அப்படியானால் இது உங்கள் அம்மா வழிதான், அப்பா வழித் தாத்தா மேல் பழி போடாதீர்கள் என்கிறார். அம்மாவின் அப்பாவும் 1930களில் சில வருஷம் பினாங்கில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவர். மாமா வீட்டில் இதைக் கேட்டால் கொதித்துப் போவார்கள். என் அம்மா அப்பாவுக்குச் சொந்த அத்தை மகள். சித்தப்பா மகனுக்கும் மாமா மகனுக்கும் இப்போது பரிசோதனை எடுத்துவிட்டேன் (சித்தப்பாவும் மாமாவும் கட்டியது அசலில், சொந்தத்தில் இல்லை). பினாங்குப் பெண்ணோடு சித்தப்பா மகனுக்கு 462, மாமா மகனுக்கு 219. இதில் யார், யாருக்கு என்ன முறை?
ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 71, திருவாரூர் பக்கம்

பதில்: ஐயா, முக்கால் கிணறு நீங்களே தாண்டிவிட்டீர்கள். அந்த இரண்டு பேருக்கும் பரிசோதனை எடுக்காமல் வெறும் 638-ஐ மட்டும் அனுப்பியிருந்தால் நான் கையை விரித்திருப்பேன்.

மற்ற வாசகர்களுக்காக முதலில் இந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரே முன்னோரிடமிருந்து இரண்டு பேருக்கு வந்து சேர்ந்த டிஎன்ஏ துண்டுகளை அளந்து கூட்டினால் வருவதுதான் சென்டிமார்கன் கணக்கு. நம் பக்கம் ஒரு வேலி நிலம் பாகமாகிப் பாகமாகி மாக்கணக்கில் வந்து நிற்கிறதில்லையா, அதுபோலத்தான், தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகும், ஆனால் சர்வேயர் வைத்து அளந்த மாதிரி சரிபாதியாக இருக்காது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் 3,485 பக்கம் வரும். கூடப்பிறந்தவர்களுக்கு 2,613, அப்பா ஒன்று அம்மா வேறு என்றால் 1,759. ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு, அதாவது தாத்தா பாட்டி ஒன்றானவர்களுக்கு, 866, அதிலேயே தாத்தா ஒன்று பாட்டி வேறு என்றால் 449. இரண்டுவிட்டவர்களுக்கு, அதாவது கூடப்பிறந்த இரண்டு பேரின் பேரப்பிள்ளைகளுக்கு, 229, மூன்றுவிட்டவர்களுக்கு 73. பிளெய்ன் பெட்டிங்கர் என்ற அமெரிக்கர் ஆயிரக்கணக்கானவர்களிடம் எண்களைக் கேட்டு வாங்கித் தொகுத்த பட்டியலில், 2020-ல் வந்த பதிப்பில், இருக்கும் சராசரிகள் இவை. சராசரி என்பதை மறக்கக் கூடாது, ஒன்றுவிட்டவர்களிலேயே 396 வந்தவர்களும் உண்டு, 1,397 வந்தவர்களும் உண்டு.

இந்தப் பட்டியலும் சரி, பரிசோதனை நிறுவனங்கள் போடும் "இன்ன முறையாக இருக்கலாம்" என்ற குறிப்பும் சரி, சொந்தத்தில் பெண் எடுக்காதவர்களை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் அப்பா அத்தை மகளைக் கட்டியவர் என்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. உங்கள் வீட்டு வழக்கைத் தீர்ப்பது அந்த ஒரு வரிதான்.

தாத்தாவுக்குப் பினாங்கில் ஒரு குடும்பம் இருந்தது, இந்தப் பெண் அந்த வழிப் பேத்தி என்று வைத்துக்கொள்வோம். அப்பா வழியில் பார்த்தால் உங்களுக்கும் அவருக்கும் தாத்தா ஒன்று, பாட்டி வேறு: 449. அதோடு நிற்கவில்லை. உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டி அதே தாத்தாவின் கூடப்பிறந்த தங்கை. அந்த வழியிலும் நீங்கள் இந்தப் பெண்ணுக்கு இரண்டுவிட்ட சகோதரர் ஆகிறீர்கள்: இன்னொரு 229. கூட்டினால் 678. உங்களுக்கு வந்திருப்பது 638. ஒரே ஆளுக்கு இரண்டு வாசல் வழியாக உறவு வந்தால் எண் உப்பிப் போகும், அதைத்தான் கணினி "ஒன்றுவிட்ட சகோதரி" என்று படித்திருக்கிறது.

சித்தப்பா மகனுக்கு அந்த இரண்டாவது வாசல் கிடையாது, சித்தி அசல் அல்லவா. அவருக்கு 449 பக்கம் வர வேண்டும், வந்தது 462. மாமா மகனுக்கு முதல் வாசல் கிடையாது, அவர் வெறும் இரண்டுவிட்டவர். 229 பக்கம் வர வேண்டும், வந்தது 219. அம்மாவின் அப்பாதான் காரணம் என்றால் இது தலைகீழாக இருந்திருக்கும்: மாமா மகனுக்கு 450 வரும், சித்தப்பா மகனுக்கு ஒன்றும் வராது, மிஞ்சினால் பழைய சொந்தத்தின் சில்லறையாகப் பத்து இருபது வரும். மாமா வீட்டில் யாரும் கொதிக்க வேண்டியதில்லை. தாத்தாவின் அண்ணனோ தம்பியோ போனவராக இருக்கலாமே என்று கேட்பீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு 458, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 229 என்று வரும். சித்தப்பா மகனின் 462 அதற்கு ஒத்துவரவில்லை. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், எண்கள் அப்படி இப்படி நகரும், ஆனால் மூன்று எண்ணும் சேர்ந்து ஒரே ஆளைத்தான் காட்டுகின்றன.

மருமகன் சொன்ன எக்ஸ் கணக்கு தப்பில்லை, பாதிதான் சொன்னார். ஆண்பிள்ளைக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும், ஆகவே உங்களுக்கு எக்ஸில் பொருந்தும் எவரும் உங்கள் அம்மா வழியில் சொந்தமானவர். சரி. ஆனால் உங்கள் அம்மா தாத்தாவின் தங்கை மகள் ஆயிற்றே, தாத்தாவின் எக்ஸும் தங்கையின் எக்ஸும் ஒரே தாயிடமிருந்து கிளம்பியவை. அதனால் எக்ஸ் பொருத்தம் தாத்தாவை விடுவிக்கவில்லை. கூடவே இன்னொரு விஷயத்தையும் காட்டிக்கொடுக்கிறது. அப்பாவின் எக்ஸ் மகனுக்குப் போகாது, மகளுக்கு முழுசாகப் போகும். தாத்தாவின் எக்ஸ் இந்தப் பெண்ணிடம் வந்திருக்கிறது என்றால் நடுவில் இருப்பவர் தாத்தாவின் மகனாக இருக்க முடியாது. பினாங்குப் பெண்ணின் அம்மாதான் தாத்தாவின் மகள். உங்களுக்கு அத்தை முறை.

இதை ஒரே ஒரு காகிதத்தில் சரிபார்க்கலாம். மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி என்று போட்டு அப்பா பெயரை முழுசாக எழுதுவார்கள், மலாய் மொழியில் "இன்னார் மகன்", "இன்னார் மகள்" என்பதன் சுருக்கம் அது. நம் ஊர் மாதிரி ஒற்றை இனிஷியலோடு முடிந்துபோகாது. அந்தப் பெண்ணின் அம்மா அட்டையில் ஏ/பி-க்குப் பிறகு என்ன பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். எழுத்து கன்னாபின்னாவென்று இருக்கலாம், தோட்டத்துப் பதிவில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், ஆகவே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஊர் என்று எதையாவது வைத்திருந்தால் அதில் திருவாரூர் மாவட்டம் என்று இருக்காது, அது 1997-ல் வந்தது. நன்னிலம் தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா என்றோ, வெறும் நாகப்பட்டினம் என்றோ இருக்கும். கப்பல் ஏறிய இடத்தையே பலர் சொந்த ஊராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த அத்தை எப்போது பிறந்தவர் என்று பாருங்கள். 1938க்கும் 1947க்கும் நடுவில் இருந்தால் பொருந்துகிறது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கியதிலிருந்து 1945 வரை கப்பலும் கிடையாது, மணியார்டரும் கிடையாது. இங்கே உங்கள் பாட்டி, அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் தாலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அங்கே பால்மரத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள், பல ஆயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே செத்தார்கள். அந்தக் காலத்தில் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒருவருக்கொருவர் துணையாக ஒரு அடுப்பு எரிந்திருக்கிறது, குழந்தையும் பிறந்திருக்கிறது. நான் தாத்தாவுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 47-ல் அவர் கப்பல் ஏறியபோது அங்கேயும் ஒரு பெண்மணி கைக்குழந்தையோடு கரையில் நின்றிருப்பார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் பாட்டி இழந்த பத்து வருஷத்தைப் போல அவருக்கு ஆயுள் முழுக்க.

பினாங்குப் பெண்ணுக்கு எழுதும் முதல் கடிதத்தில் இந்தக் கணக்கையெல்லாம் கொட்டாதீர்கள். அவருக்கு அப்பன் பெயரே வேறாகச் சொல்லி வளர்த்திருக்கலாம். "எங்கள் ஊர் திருவாரூர் பக்கம், என் தாத்தா 1937 முதல் 1947 வரை மலாயாவில் இருந்தார், உங்கள் குடும்பம் எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள ஆசை" என்று மட்டும் எழுதுங்கள். மூன்று நான்கு மாதம் பதில் வராமல் இருந்தாலும் பதறாதீர்கள். நிலத்தில் பங்கு கேட்பார்களோ என்று பங்காளிகள் முணுமுணுப்பார்கள், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். வீட்டில் உட்கார்ந்து குழாயில் துப்பி அனுப்பிய பரிசோதனை கோர்ட்டுக்குச் சாட்சியாகாது, யாருடைய எச்சில் என்பதற்கே அதில் அத்தாட்சி இல்லை. அந்தப் பயத்தில் ஒரு அத்தையைத் தொலைத்துவிடாதீர்கள். உயிரோடு இருந்தால் இன்றைக்கு எண்பதைத் தொட்டிருப்பார், தாண்டியும் இருப்பார்.

கேள்வி: எனக்கு 52 வயது, அக்காவுக்கு 56. இரண்டு பேரும் பரிசோதனை செய்தோம். 2,190 சென்டிமார்கன் வந்தது. கூடப்பிறந்தவர்களுக்கு 2,600 வர வேண்டும் என்று படித்தேன். எக்ஸ் முழுக்கப் பொருந்துகிறது. ஜெட்மேட்ச் படத்தில் மஞ்சள் பட்டை நிறைய இருக்கிறது, பச்சை அங்கங்கேதான். அப்பா அம்மா இருவரும் இல்லை. அக்காவிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறேன்.
வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, முதலில் மூச்சை விடுங்கள். எக்ஸ் முழுக்கப் பொருந்துகிறது என்பதே பெரிய ஆறுதல். ஒரே அப்பாவுக்குப் பிறந்த பெண்களுக்கெல்லாம் அப்பாவின் எக்ஸ் அப்படியே ஒன்றாக இருக்கும். உங்கள் இருவருக்கும் அப்பா ஒருவரே.

இப்போது 2,190. அம்மா முற்றிலும் வேறு என்றால் 1,759 பக்கம் வந்திருக்கும், ஒரே அம்மா என்றால் 2,600. இது நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்கும் எண்ணுக்கு நம் ஊரில் தெரிந்த ஒரு விளக்கம் உண்டு. பிரசவத்திலோ காய்ச்சலிலோ மூத்தவள் போய்விட்டால், கைக்குழந்தையை வேற்றாள் கையில் விட மனசில்லாமல் அவள் தங்கையையே அந்த மாப்பிள்ளைக்குக் கட்டிவைப்பார்கள். அப்படி அக்காவுக்கு ஒரு பிள்ளை, தங்கைக்கு ஒரு பிள்ளை, அப்பா ஒருவர் என்றால் கணக்குப்படி 2,180 பக்கம் வரும். உங்கள் எண் கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறது.

பச்சைப் பட்டையைக் கவனித்தீர்களே, அதுதான் சரியான இடம். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் ஒரே நேரத்தில் பொருந்துகிற இடம் பச்சை, ஒரு வழியில் மட்டும் பொருந்துவது மஞ்சள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு மொத்த நீளத்தில் கால்வாசி பச்சையாக இருக்கும். நான் சொன்ன மாதிரி அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைகள் என்றால் அதில் பாதி, எட்டில் ஒரு பங்கு. படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு குரோமோசோமாகப் பச்சை எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பென்சிலால் குறித்துக் கூட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: அப்பாவும் அம்மாவும் ஏற்கெனவே சொந்தம் என்றால் பச்சை கொஞ்சம் கூடும். தாய் வழி மைட்டோகாண்ட்ரியா பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள், அக்காளுக்கும் தங்கைக்கும் அது ஒன்றேதான், பிரித்துக் காட்டாது.

அதைவிட, வீட்டிலேயே தடயம் இருக்கும். சில வீடுகளில் சுமங்கலியாகப் போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுவார்கள், நல்ல காரியத்துக்கு முன்னால் புதுப் புடவையும் பூவும் வைத்துப் படைப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி உண்டா? யாருக்காக என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறீர்களா? ஆடி அமாவாசைக்குக் காவிரிப் படித்துறையில் அப்பா தண்ணீர் விடும்போது சொன்ன பெயர்களில் ஒரு பெண் பெயர் கூடுதலாக இருந்ததா? அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் தேதியைப் பாருங்கள், அக்கா பிறந்த பிறகு இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

அக்காவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப்பில் அல்ல, நேரில், பக்கத்தில் உட்கார்ந்து. ஆனால் சொல்வதற்கு முன்னால் தாய்மாமன் வீட்டில் மிச்சம் இருக்கும் மூத்தவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள், அந்தப் பெண்மணியின் பெயரும், முடிந்தால் ஒரு போட்டோவும் வாங்கிக்கொண்டு வாருங்கள். அக்காவுக்குக் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும். இன்னொன்று, உங்கள் அக்கா ஒருவேளை ஏற்கெனவே தெரிந்துகொண்டு, உங்களுக்காகச் சொல்லாமல் இருக்கலாம். அதற்கும் தயாராகப் போங்கள்.

கேள்வி: ரிசல்ட்டில் தென்னிந்தியா 100 சதவீதம் என்று மட்டும் வந்திருக்கிறது. நாங்கள் சோழர் வழி என்று தாத்தா சொல்வார். அதை இதில் உறுதி செய்ய முடியுமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: முடியாது தம்பி. ஒப்பிட்டுப் பார்க்க ராஜராஜனின் டிஎன்ஏ யாரிடமும் இல்லை. அந்த சதவீதப் பக்கத்தை மூடிவிட்டுப் பொருத்தப் பட்டியலுக்குப் போங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒய் குரோமோசோம் பரிசோதனை செய்தால் அப்பன், பாட்டன், பூட்டன் என்று ஆண் வழி மட்டும் தெரியும். நம் வழக்கில் சொன்னால் பங்காளிக்கு ஒய் பொருந்தும், மாமன் மச்சானுக்குப் பொருந்தாது. சென்டிமார்கனுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, பெரியப்பா மகனும் அத்தை மகனும் அதற்கு ஒன்றுதான். ஒரே குலதெய்வம் கும்பிடும் இரண்டு ஊர்க்காரர்கள் உண்மையிலேயே ஒரு கொடிவழியா என்று பார்க்க ஒய் நல்ல கருவி, அதற்குப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கரீபியன் கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பிலிருந்து ஒருவர் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். என்னோடு 41 சென்டிமார்கன் பொருந்துகிறதாம். அவருடைய முன்னோர் காரைக்காலில் கப்பல் ஏறினார்களாம். எங்கள் குடும்பத்தில் யாரும் அங்கே போனதாகக் கேள்விப்பட்டதில்லை.
வாசகர், காரைக்கால்

பதில்: கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அந்தத் தீவுக்கு முதல் கப்பல், ஒரேலி என்று பெயர், போய்ச் சேர்ந்தது 1854 டிசம்பரில். 1880களின் கடைசியில் கரும்புத் தோட்டக் கூலிக்கான அந்த ஆள்சேர்ப்பு நின்றுவிட்டது. ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. போனவரை இங்கே அழுது தீர்த்துவிட்டு மறந்திருப்பார்கள்.

41 என்பது மெல்லிய நூல். மூன்றுவிட்டவர்களிலேயே பத்தில் ஒருவருக்கு ஒன்றும் பொருந்தாமல் போகும், அதற்கும் அப்பால் போனால் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பொருத்தமே தெரியாது. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்ட நம்மைப் போன்றவர்களுக்கு எதிர்ச் சிக்கலும் உண்டு, பல பழைய உறவுகளின் துணுக்குகள் சேர்ந்து 41 ஆகியிருக்கலாம். ஆகவே அந்த 41 எத்தனை துண்டாக இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே துண்டாக முப்பதுக்கு மேல் இருந்தால் தேடலாம். ஆறேழு சின்னத் துண்டு என்றால் நட்பாக ஒரு பதில் எழுதிவிட்டு, அவசரப்பட்டு மரத்தில் ஒட்டாதீர்கள்.

தேடுவதென்றால் காரைக்கால்காரருக்கு மற்ற டெல்டாக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். அந்தக் காலப் பதிவேடுகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, அதன் இணையதளத்தில் காரைக்கால் பக்கங்களைப் படமாகவே பார்க்கலாம். அந்தத் தீவுகளில் போனவரின் பெயரே பலருக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது, ஆகவே அவருடைய குடும்பப் பெயரைத் தமிழாகப் படித்துப் பாருங்கள், ஒரு ராமசாமியோ வீரப்பனோ எட்டிப் பார்ப்பார். கப்பல் ஏறியது காரைக்கால் என்பதால் காரைக்கால்காரர் என்று ஆகிவிடாது, அதையும் மனதில் வையுங்கள். சுற்றியுள்ள தஞ்சாவூர் ஜில்லா கிராமங்களிலிருந்து நடந்து வந்து ஏறியவர்கள் ஏராளம்.

கேள்வி: அம்மாவுக்கு 86 வயது. அவருக்குப் பரிசோதனை எடுக்கலாமா, அல்லது நான் எடுத்தால் போதுமா? விவரங்கள் வெளியே போகும் என்று தம்பி பயமுறுத்துகிறான்.
வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மாவுக்குத்தான் முதலில் எடுக்க வேண்டும். அவரிடம் இருப்பதில் பாதிதான் உங்களுக்கு வந்திருக்கிறது, மீதிப் பாதி அவரோடு போய்விடும். அம்மாவுக்கு 73 பொருந்துகிற ஒருவர் உங்களுக்கு 35 ஆகத் தெரிவார், அல்லது தெரியவே மாட்டார்.

தம்பி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2023-ல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ பரிசோதனை நிறுவனத்திலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடு போயின, 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. அம்மா பெயரை முழுசாகப் போடாதீர்கள், இரண்டு எழுத்து போதும். கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறந்து, கடவுச்சொல்லோடு இரண்டாவது பூட்டும் போடுங்கள். வேலை முடிந்ததும் மூலத் தரவை இறக்கி வைத்துக்கொண்டு மாதிரியை அழிக்கச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவிடம் இது என்ன என்று விளக்கி, சம்மதம் வாங்குங்கள். "சும்மா துப்பும்மா" என்று வாங்காதீர்கள். வராத சொந்தம் வரலாம், இருக்கிற சொந்தம் இல்லை என்றும் வரலாம், இரண்டையும் சொல்லுங்கள்.

எடுக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. அரை மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, வெற்றிலையும் கூடாது. என் அத்தைக்கு 84 வயதில் எடுத்தேன். வெற்றிலைப் பெட்டியை எடுத்து பரண் மேல் வைத்தபோது என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. வயதானவர்களுக்கு வாய் வறண்டு எச்சில் சுரக்காது, முதல் குழாய் வீணாகிவிட்டது, மாதிரி போதவில்லை என்று திருப்பிவிட்டார்கள். எச்சில் வேண்டாம், கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும் என்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, உங்கள் அம்மாவுக்கு அதையே வாங்குங்கள்.

இரண்டாவது முறை அத்தை குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், வாய் சும்மா இருக்க முடியாமல் பேச ஆரம்பித்தார். நான் வருஷம் கேட்கவில்லை, கேட்டால் தெரியாது என்பார்கள். "மேட்டூர் அணை கட்டுறதுக்கு முன்னாலயா பின்னாலயா?", "அம்பத்திரண்டு புயல் அடிச்சப்போ அவுங்க இருந்தாங்களா?" என்று கேட்டேன். குழாய் கோடு வரைக்கும் நிரம்புவதற்குள் நான் அதுவரை கேட்டிராத மூன்று பெயர்கள் வந்தன. அதில் ஒன்று, ஊர்க்கோடியில் குளத்தில் விழுந்து இறந்துவிட்டதாக எங்களுக்கெல்லாம் சொல்லப்பட்டிருந்த பெரிய அத்தை. "குளமும் இல்ல கெணறும் இல்ல, அவ கப்பல்ல போனா" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் தரச் சொன்னார்.